அக்கரை தொட்டுத் திரும்பியவர்

வேதாரண்யத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இரவில் இலங்கை வானொலி துல்லியமாகக் கேட்கும். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கரை இருக்கிறது, அங்கேயும் தமிழ் பேசுகிறார்கள் என்பதைப் பூகோளப் பாடத்துக்கு முன்பே நான் காதால் தெரிந்துகொண்டேன். உப்பளத்தில் வேலை பார்த்த தாத்தா, தான் கேள்விப்பட்ட கதை ஒன்றையும் அடிக்கடி சொல்வார். “அந்தக் கரையிலேர்ந்து ஒருத்தரு நீந்தியே கோடியக்கரைக்கு வந்து ஏறுனாரு. பின்னால இன்னொருத்தரு இந்தியாக் கரையைத் தொட்டுட்டு, திரும்பவும் நீந்தியே ஊருக்குப் போயிட்டாரு.”

என் மனம் இரண்டாவது ஆளைத்தான் பிடித்துக்கொண்டது. அவ்வளவு தூரம் வந்தவர் ஒரு நாள் தங்கிவிட்டுப் படகில் போயிருக்கலாமே என்று கேட்பேன். “அவரு வீடு அங்கதான இருக்கு” என்பார் தாத்தா. அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அவர் பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன், ஊர் வல்வெட்டித்துறை, ஆழிக்குமரன் என்றே அவரைச் சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது தாத்தா இல்லை. 1943 மே 25-இல் பிறந்தவர். 1971-இல், இருபத்தெட்டைத் தொடும் வயதில், பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து இந்தியக் கரையைத் தொட்டு, அப்படியே திரும்பி நீந்தி இலங்கைக் கரை சேர்ந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 51 மணி. சென்ற தை மாதம் அவருடைய ஊரைப் பார்க்கப் போனேன்.

முதலில் கொழும்பு. விகாரமகாதேவி பூங்காவில் ஒரு மாலை முழுவதும் நடந்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் விக்டோரியா பூங்கா என்று பெயர். எதிரே வெண்ணிறக் குவிமாடத்தோடு நகர மண்டபம். பெரிய மரங்களின் அடியில் குடை விரித்து மறைந்திருக்கும் காதலர்கள், பள்ளிச் சீருடையோடு ஓடும் பிள்ளைகள், விற்காத பலூன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர். 1979 மே 2 முதல் 10 வரை ஆனந்தன் இங்கேதான் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றினார். 187 மணி 28 நிமிடம். ஏழு பகல், ஏழு இரவு, அதற்கு மேலும் ஒரு பெரும்பகுதி நாள்.

நம் ஊர்த் திடல்களில் சைக்கிள் விட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான காட்சியாக இருக்காது. நான்கு மூங்கில் நட்டு, குழல்விளக்கு கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, ஒரு ஒல்லியான இளைஞன் ஏழு நாள் சுற்றுவான். சைக்கிள் மேலேயே குளிப்பான், மேலேயே சாப்பிடுவான். கடைசி நாள் ஊர்ப் பெரியவர்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். ஐந்தாம் இரவில் அப்படி ஒருவனின் கண்களை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அவன் எங்களைப் பார்த்தான், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. தூக்கமில்லாத ஐந்தாம் நாளில் மனிதன் எங்கே போய்விடுகிறான் என்று அன்றைக்கு யோசித்தேன். கொழும்பில் அந்தப் புல்தரையைச் சுற்றி நடந்தபோது அதே கேள்வி திரும்ப வந்தது.

கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் பல இடங்களில் ஏறியது. அவற்றில் என்னை மிகவும் அசைத்தது ஒற்றைக் காலில் நின்றது. 33 மணி நேரம். தூக்கிய கால் நிற்கிற காலைத் தொடக்கூடாது, எதையும் பிடிக்கக்கூடாது என்பது விதி. ஒருவர் பிடிவாதமாக இருந்தால் ஒற்றைக் காலில் நிற்கிறான் என்கிறோம். மாமல்லபுரத்துப் பாறையில் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒரு காலில் நிற்கும் தவசியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வழக்கையும் சிற்பத்தையும் ஒருவர் தன் உடம்பால் செய்து காட்டியிருக்கிறார். என்றாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பூங்காவை விட்டு வெளியே வரும்வரை அவரை ஒரு சாதனை சேகரிப்பாளராகத்தான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் காட்டியது அவருடைய ஊர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சிக்குப் போகும் வழியில் வல்லைவெளி வருகிறது. வீடு, மரம் எதுவும் கிடையாது. இருபக்கமும் ஆழமில்லாத நீர், நடுவே சாலை, குறுக்கே காற்று. சைக்கிளில் போன ஒரு பள்ளிக்கூடப் பையன் ஏறக்குறைய ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனான். காற்றில் சாய்ந்துகொள்ள அவனுக்குப் பழகியிருக்கிறது. வெளி முடிந்ததும் பனைகள். பனையோலை வேலிகள் இப்போது குறைந்து தகரமும் மதிலும் வந்துவிட்டன. ஆனாலும் ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் குறுகலான சந்துகளில், ஓலை வேலி காய்ந்து உரசும் ஒலி இன்னும் கேட்கிறது.

தொண்டைமானாற்றில் இறங்கினேன். செல்வச்சந்நிதி முருகனை அங்கே அன்னதானக் கந்தன் என்கிறார்கள். ஆற்றங்கரையோரம் கோயில், சுற்றிலும் சோறு போடும் மடங்கள். பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகச் செய்கிறார். மந்திரம் கிடையாது. மணி அடிக்கிறது, தீபம் எழுகிறது, ஒரு சொல் இல்லை. மந்திர முழக்கத்துக்குப் பழகிய என் காதுக்கு அந்த மௌனம் கனமாக இருந்தது. கடலோடு வாழ்கிறவர்களின் கோயில் அது.

தாத்தா சொன்ன முதல் ஆள் இந்த ஊர்க்காரர். முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து நீந்தத் தொடங்கி ஏறத்தாழ 27 மணி நேரத்தில் கோடியக்கரை சேர்ந்தார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர். வங்கத்து மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியது 1966-இல்தான். நம் பாடப்புத்தகங்களில் மிகிர் சென்னைப் படித்தோம். அவர் பெரிய வீரர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருக்குப் பன்னிரண்டு வருடம் முந்தி, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கரையேறிய தமிழரின் பெயரை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. நவரத்தினசாமி நீந்தியபோது ஆனந்தன் பதினொரு வயதை எட்டாத சிறுவன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் ஊர்க் கடற்கரையிலிருந்தே இந்தியாவுக்கு நீந்திப் போனதை அந்த வயதில் அறிந்த பிள்ளைக்குக் கடல் எப்படித் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே மேற்கொண்டு போனேன்.

வல்வெட்டித்துறையில் கடலைத் தேடிப் போக வேண்டியதில்லை. பருத்தித்துறைக்குப் போகும் கரைச் சாலையின் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கடல். மணல் கொஞ்சம்தான், கரையெல்லாம் முருகைக்கல். வீட்டு வாசலில் நின்று கோலம் போடுகிற பெண் நிமிர்ந்தால் எதிரில் பாக்கு நீரிணை. எங்கள் பக்கம் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே உப்பளமும் அலையாத்திக் காடும் இருக்கும். இங்கே நடுவே ஒரு சாலை மட்டும்.

இந்த ஊரின் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு உடனே போர் நினைவுக்கு வருகிறது. வரத்தான் செய்யும், இந்த ஊர் இழந்தது கொஞ்சமல்ல. இடிந்து இன்னும் எழாத சில வீடுகளை நானும் பார்த்தேன். ஆனால் போருக்கு முன்னால் இந்த ஊருக்கு நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அது கப்பல்களின் வரலாறு.

அதை எனக்குச் சொன்னவர் முத்துமாரியம்மன் கோயிலுக்கு அருகில் தற்செயலாகச் சந்தித்த ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியவர். “இந்தியாவிலை எவடம் தம்பி?” என்று கேட்டார். வேதாரண்யம், கோடியக்கரைக்குப் பக்கம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப அயலூர்க்காரர் எண்டு சொல்லும். வாரும், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

அவர் வீட்டு வாசற்கதவு பர்மாத் தேக்கு. தகப்பனார் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்றார். பாய்க்கப்பல் காலத்தில் வல்வெட்டித்துறையார் பர்மாவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் போய் வந்தார்கள். அரிசியும் மரமும் ஓடும் ஏற்றி வந்தார்கள். கப்பலைச் செலுத்துகிறவருக்குத் தண்டையல் என்று பெயர். கப்பலைக் கட்டியதும் இதே கரையில்தான். திசைகாட்டியும் நட்சத்திரமும், தகப்பன் சொல்லிக் கொடுத்த நீரோட்டக் கணக்கும்தான் அவர்களுடைய படிப்பு.

அன்னபூரணி கதையை நான் கேட்காமலே தொடங்கினார். இந்தக் கரையில் வேப்ப மரத்தால் கட்டிய பாய்க்கப்பல் அது, 89 அடி நீளம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், ஒரு சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர், அதைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிப் போனார்கள், தண்டையல் தம்பிப்பிள்ளை. சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அட்லாண்டிக் என்று போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது வேப்பமரக் கப்பல். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் அதே வேம்பு.

“அவையள் திரும்பி வந்தினமோ ஐயா?” என்று, அவர் பேச்சு என் நாக்கிலும் ஒட்டிக்கொள்ள, கேட்டேன்.

“வராமல்? எங்கடை ஆக்கள் ‘போறன்’ எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடமாட்டினம் தம்பி. ‘போட்டு வாறன்’ எண்டுதான் சொல்லுறது. போறது பெரிய காரியமில்லை. வாறதுதான் காரியம்.”

தாத்தாவின் ஒற்றை வரி அப்போது எனக்கு விளங்கியது. நாமும் போகிறேன் என்று சொல்வதில்லை, போய் வருகிறேன் என்றுதான் சொல்கிறோம். நமக்கு அது வாய்ப்பழக்கம். கணவனையும் மகனையும் கடலுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஊரில் அந்தச் சொல்லுக்கு முழு எடை உண்டு. நவரத்தினசாமி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்தினார். அது முதல் சாதனை. ஆனந்தன் இந்த ஊர்க் கடலோடிகள் செய்ததைத் தன் கைகளால் செய்தார். போய் வந்தார்.

வரைபடத்தில் இரண்டு கரையையும் நேர்கோட்டால் இணைத்துவிடலாம். நீரோட்டம் யாரையும் நேர்கோட்டில் விடாது. 51 மணி நேரம் என்றால் நடுவே இரண்டு இரவாவது உண்டு. கடல் நீச்சலை அறிந்தவர்கள் சொல்வார்கள்: சில மணி நேரத்தில் உப்பு நாக்கைத் தடிக்க வைத்துவிடும், அக்குளிலும் கழுத்திலும் தோல் உரசி வழன்றுவிடும், சொறி மீன் பட்ட இடம் நெருப்பாக எரியும். துணைப்படகிலிருந்து ஆகாரத்தை நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம், படகைத் தொடக்கூடாது. இரவில் கரை தெரியாது. இதையெல்லாம் தாங்கி ஒருவர் எதிர்க்கரையைத் தொடுகிறார். காலுக்கடியில் மண். அந்த இடத்தில் முதுகைத் திருப்பி மறுபடியும் கடலில் இறங்குவதற்கு எது வேண்டும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். உடல் வலிமை ஓரளவுக்குத்தான் விடை. பக்கத்து வீட்டுக்குப் போய்வருகிறவனுக்குத் திரும்புவது ஒரு கேள்வியே இல்லை. அந்தக் கடலை அவர் எல்லையாக நினைக்கவில்லை. அவர் முன்னோர் யாரும் நினைத்ததில்லை.

அது எல்லையானது பின்னால். பெரியவர் இளமையில் அக்கரைக்குத் திருவிழாப் பார்க்கப் போனார்களாம், எம்.ஜி.ஆர். படம் பார்க்கக்கூடப் போய் வந்தார்களாம். “கொழும்புதான் எங்களுக்குத் தூரம். கோடியக்கரை கிட்ட.” பாட்டன் வியாபாரம் என்று செய்த அதே ஓட்டம், கடவுச்சீட்டும் சுங்கமும் வந்தபின் பேரன் காலத்தில் கள்ளக்கடத்தல் ஆனது. கடல் மாறவில்லை, காகிதம்தான் மாறியது. எங்கள் வேதாரண்யத்திலும் இதே கதைதான். இரண்டு ஊர்களும் ஒரே குற்றத்துக்கு ஒரே காலத்தில் ஆளாயின. இந்த நீரிணையின் பெயரே சென்னையில் 1763 முதல் 1767 வரை கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்ற வெள்ளைக்காரருடையது. அவர் பெயர் ஒட்டுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இதில் போக்குவரத்து நடந்தது.

மறுநாள் உதயசூரியன் கடற்கரையில் தைப்பொங்கல் பட்டப் போட்டி. ஊர் முழுவதும் அங்கே நின்றது. கொக்கு, பருந்து போக, கப்பல் வடிவத்தில், ஆள் வடிவத்தில், வானில் ஏறியபின் அசைந்து வேலை செய்யும் பொறிகளோடு பட்டங்கள். பெரிய பட்டங்களைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்தால்தான் நிற்கிறது. பட்டத்தின் தலையில் வில் போல ஒன்றைக் கட்டுகிறார்கள், விண் என்று பெயர். காற்றில் அது விடாமல் கூவும். இரவில் பட்டத்தை இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். நான் தங்கிய வீட்டின் மேல் விடியும்வரை அந்த விண் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. தூங்காத ஒன்று வானத்தில் கயிற்றோடு நிற்கிறது என்ற உணர்வு. அந்த ஒலிக்கு நடுவில் கொழும்புப் பூங்காவின் ஏழு இரவுகளை நினைத்துக்கொண்டேன்.

வாடைக்காற்று ஓயாத கடல் கரைக்கல்லில் மோதிக்கொண்டிருந்தது. இந்தக் கடலிலா நீந்தினார் என்று பெரியவரிடம் கேட்டேன். “இப்ப ஏலாது. வாடை முடிஞ்சு சோளகம் துவங்க முன்னம், பங்குனி சித்திரையிலை வந்து பாரும். எண்ணெய் ஊத்தினது மாதிரிக் கிடக்கும்.” நவரத்தினசாமி நீந்தியது மார்ச், மிகிர் சென் நீந்தியது ஏப்ரல். இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் கடல் மூச்சுவிடும் சில வாரங்கள். சாகசம் என்று நாம் வியக்கிற காரியத்துக்குள் இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த காற்றுக் கணக்கு இருக்கிறது.

ரேவடிக் கடற்கரையோரம் ஆனந்தன் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் தடாகம் எதற்கு என்று முதலில் தோன்றியது. பிறகு யோசித்தால் சரி என்று பட்டது. போர்க்காலத்தில் கடல் தடைசெய்யப்பட்ட இடமாகிவிட்ட ஊர் இது. கடலில் இறங்காமலே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் எங்கேயாவது தொடங்க வேண்டுமே.

அவருடைய கடைசி நீச்சலைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் பேசவில்லை, நானும் கிளறவில்லை. 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போனார். மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர். பாக்கு நீரிணையை இருமுறை கடந்தவருக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. பகை குளிர். நம் கடல் பங்குனியில் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தக் கால்வாயில் ஆகஸ்டிலும் நீர் 18 டிகிரியைத் தாண்டுவது அரிது. கால்வாய் நீச்சலின் விதிப்படி உடம்பை மூடும் உடை கூடாது, சாதாரண நீச்சல் உடையும் மேலே பூசும் கொழுப்பும்தான். அந்தக் குளிரில் உடல் தன் சூட்டை நிமிடத்துக்கு நிமிடம் இழக்கும். 1984 ஆகஸ்ட் 6 அன்று, அந்த முயற்சியிலேயே ஆனந்தன் இறந்தார். வயது 41.

அதே கால்வாயை 1875-இல் முதன்முதலில் நீந்திக் கடந்தவர் மத்தேயு வெப். இங்கிலாந்தின் டாலி என்ற சிற்றூரில் பிறந்தவர். 21 மணி 45 நிமிடத்தில் பிரான்ஸ் கரை சேர்ந்தார். எட்டு வருடம் கழித்து நயாகரா அருவிக்குக் கீழே உள்ள சுழலில் நீந்த முயன்று 35 வயதில் இறந்தார். இப்படிப்பட்டவர்கள் எதற்காக மறுபடி மறுபடி இறங்குகிறார்கள் என்று கேட்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. தண்டையலின் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்கலாம். கரையில் பாதுகாப்பாக நிற்கும் நமக்கு அந்த உரிமை இல்லை. ஆனந்தனிடம் இருந்தது உயிரை மதியாமை என்று நான் நினைக்கவில்லை. 51 மணி நேரம் நீந்தி வீடு திரும்பிய ஒருவர் உயிரை மதிக்காதவராக இருக்க முடியாது.

திரும்பும்போது காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்தேன். 2023 அக்டோபரில் இந்தச் சேவை மீண்டும் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரம். மேல்தளத்தில் உப்புக்காற்றில் நின்றுகொண்டு, கண்ணுக்கெட்டிய வரை ஒன்றுமில்லாத நீரைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முன்னால் கரையும் இல்லை, பின்னால் கரையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு மனிதத் தலை எவ்வளவு சிறியதாகத் தெரியும் என்று கணக்கிட முயன்றேன். என்னால் முடியவில்லை.

அடுத்த வாரம் கோடியக்கரைக்குப் போனேன். குழகர் கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடற்காற்று வீசும் இந்தக் கரையில் துணையில்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சுந்தரர் இறைவனைப் பார்த்து வருந்திப் பாடிய தலம் அது. கடற்கரை வரை நடந்தேன். நவரத்தினசாமி கரையேறியதைச் சொல்லும் ஒரு கல்லையும் நான் அங்கே பார்த்ததில்லை. ஆனந்தனின் பெயரும் இல்லை.

வீரனுக்குக் கல் நட்டுப் பெயரும் செயலும் எழுதி வைத்தது நம் வழக்கம். கல்லைத் தேர்ந்து, நீரில் ஆட்டி, பிறகு நடுவதைத் தொல்காப்பியம் முறையாகவே சொல்கிறது. நீராட்டக் கடல் அங்கேயே இருக்கிறது. எங்கள் ஊராரைக் கேட்டுக்கொள்கிறேன்: கோடியக்கரையில் ஒரு கல் நடுங்கள். வருகிற பங்குனிக்குள் செய்துவிடலாம். எழுத வேண்டியது அதிகமில்லை. முருகுப்பிள்ளை நவரத்தினசாமி, தொண்டைமானாறு, 1954. ஆழிக்குமரன் ஆனந்தன், வல்வெட்டித்துறை, 1971, போக வர 51 மணி நேரம்.